கேஸா, இண்டக்‌ஷனா, ஹாப்பா: உங்கள் வீட்டுக்கு எந்த அடுப்பு?

அடுப்பு வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே இரண்டு வேலை இருக்கிறது. கடைசியாக வந்த கரண்ட் பில்லை எடுத்து, இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து, தினமும் புழங்கும் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். எது ஒட்டுகிறது, எதில் நழுவி விழுகிறது? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால், கடைக்காரர் நீட்டி முழக்கிச் சொல்வதில் பாதியைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.

நல்ல அடுப்பு என்று எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒன்று கிடையாது. இரண்டு ஏ.சி. ஓடும் வீட்டுக்குக் கட்டுப்படியாகாத இண்டக்‌ஷன், ஃபேனும் ஃப்ரிட்ஜும் மட்டும் உள்ள வீட்டுக்கு லாபமாக இருக்கும். இரவானால் தோசைக்கல் ஏறும் வீடு வேறு, காலையில் ஒரு குக்கர் வைத்துவிட்டு இருவரும் வேலைக்கு ஓடும் வீடு வேறு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தமிழ்நாட்டில் பெரும்பாலான குடும்பங்களுக்கு எவர்சில்வர் உடம்பும் பித்தளை பர்னரும் உள்ள மூன்று பர்னர் கேஸ் அடுப்பு ஒன்று, அதன் பக்கத்தில் ஒற்றை இண்டக்‌ஷன் ஒன்று இருந்தால் போதும். அதற்கு மேல் செலவழிக்கும் காசு பெரும்பாலும் அழகுக்குத்தான் போகிறது. யாருக்கு இது பொருந்தாது என்பதையும் பார்ப்போம்.

கேஸா கரண்டா: காசுக் கணக்கு

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறத்தாழ பன்னிரண்டரை யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வரும். அப்படியானால் ஒரு சிலிண்டரில் சுமார் 180 யூனிட். ஆனால் அத்தனையும் பாத்திரத்துக்குள் போவதில்லை. ஐஎஸ்ஐ முத்திரை பெற ஓர் அடுப்பு குறைந்தது 68 சதவீத வெப்பத்தையாவது பாத்திரத்துக்குத் தர வேண்டும் என்கிறது ஐஎஸ் 4246 தரவிதி. மீதி பக்கவாட்டில் ஓடி நம் முகத்தில் அடிக்கிறது. இண்டக்‌ஷனில் பாத்திரத்தின் அடியே சூடாவதால் 85 சதவீதம் அளவுக்கு உள்ளே போய்விடும். கூட்டிக் கழித்தால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் சுமார் 140 யூனிட்டில் முடிக்கும்.

2025 ஏப்ரலில் ஐம்பது ரூபாய் ஏறியபோது சென்னையில் சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு ஆனது. அதை 140-ஆல் வகுத்தால் ஆறு ரூபாய் சொச்சம். இந்த ஆறு ரூபாய்தான் கோடு. கூடுதலாக ஓடப்போகும் யூனிட்டுக்கு ஆறு ரூபாய்க்குக் கீழே கட்டணம் என்றால் இண்டக்‌ஷன் மலிவு, மேலே என்றால் கேஸ் மலிவு. சிலிண்டர் விலையோ மின் கட்டணமோ மாறினால் நீங்களே இப்படி வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கேதான் அந்தக் கரண்ட் பில் வருகிறது. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலை உயர்வின்படி 400 வரை யூனிட்டுக்கு 4.80, 401 முதல் 500 வரை 6.45, அதைத் தாண்டி 600 வரை 8.55, 800 வரை 9.65. இரண்டு மாதத்துக்கு ஒரு சிலிண்டர் தீர்க்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இப்போது 300 யூனிட் ஓடுகிறது என்றால், சமையலை முழுக்க இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் 440 ஆகும். கூடுதல் செலவு சுமார் 740 ரூபாய். சிலிண்டரைவிட 130 ரூபாய் மிச்சம். அதே குடும்பத்தில் ஏ.சி. இருந்து ஏற்கெனவே 520 யூனிட் ஓடுகிறது என்றால், அதே 140 யூனிட்டுக்கு 1,260 ரூபாய் ஆகும். சிலிண்டரைவிட ஏறக்குறைய 400 ரூபாய் நஷ்டம்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். 420 யூனிட் ஓடுகிற வீடு, இண்டக்‌ஷனால் 560-க்குப் போனால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் காசு ஏறுவதில்லை. 500-ஐத் தாண்டியவுடன், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த அரசுச் சலுகையும் போய், 200 ரூபாய்க்கு மேல் தனியாக ஏறும். "இண்டக்‌ஷன் வாங்கினேன், பில் இரண்டு மடங்காகிவிட்டது" என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த 500 படியில் இடறியவர்கள். அடுப்பின் மேல் குற்றமில்லை.

மொட்டைமாடியில் சோலார் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அப்படிப் போட்டுவிட்டு, பகல் சமையலுக்கும் கேஸையே எரிப்பது வீண். மாறாக, உஜ்வாலா இணைப்பில் சிலிண்டருக்கு மானியம் வாங்குகிறவர்களுக்கு அந்த ஆறு ரூபாய்க் கோடு இன்னும் கீழே இறங்கிவிடும். அவர்கள் அவசரப்பட்டு மாற வேண்டாம்.

காந்தம் என்ன சொன்னது?

இப்போது பாத்திரங்கள். இரும்புத் தோசைக்கல்லில் காந்தம் பச்சக்கென்று ஒட்டும். இண்டக்‌ஷன் பேஸ் போட்ட குக்கரிலும் ஒட்டும். அலுமினியக் குக்கர், பித்தளை உருளி, வெண்கலப் பானை, மண்சட்டி, ரசம் வைக்கும் ஈயச்சொம்பு எதிலும் ஒட்டாது. எவர்சில்வரில் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. ஒட்டாத எதுவும் இண்டக்‌ஷனில் சூடாகாது. கஞ்சி வடிக்கிற அடி உருண்ட பானை அதன் மேல் நிற்கவே நிற்காது. பாத்திரங்களையும் மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் அடுப்பின் விலையைப் பார்க்க வேண்டும்.

ஒட்டினாலும் எல்லாமே நன்றாக வந்துவிடும் என்றில்லை. சாதாரண ஒற்றை இண்டக்‌ஷனின் உள்ளே சூட்டை உண்டாக்கும் கம்பிச்சுருள் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. அதன் மேல் பன்னிரண்டு அங்குலத் தோசைக்கல்லை வைத்தால் நடுவில் மட்டும் தகிக்கும், ஓரம் ஆறியே கிடக்கும். மாவை ஊற்றியதும் நடுவில் கரண்டியோடு சேர்ந்து மாவு எழும்பி வரும், ஓரத்தில் வெள்ளையாகவே நிற்கும். ஓரம் முறுகட்டும் என்று காத்திருந்தால் நடுவே கருகும். தோசை நன்றாக வர வேண்டும் என்றால் கல்லைச் சுற்றி வரும் கேஸ் தீதான் வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அப்பளம் சுட, கத்தரிக்காயை வாட்டித் துவையல் அரைக்க, புல்கா உப்ப வைக்க என்று நேர்த்தீ கேட்கும் வேலைகளும் உண்டு.

இன்னொன்று, சிம், அதாவது சூட்டைக் குறைத்து வைப்பது. விலை குறைந்த இண்டக்‌ஷனில் 200, 300 வாட் என்று எண் காட்டும். ஆனால் உண்மையில் அது குறைந்த சூட்டில் நிதானமாக எரிவதில்லை. சில நொடி முழு வேகத்தில் ஓடும், சில நொடி அணையும். பாலை வைத்துப் பார்த்தால் தெரியும்: சர்ரென்று பொங்கி வரும், பொத்தென்று அடங்கும், மறுபடி பொங்கும். பாயசம், அல்வா, தக்காளித் தொக்கு போல அடிப்பிடிக்கிற எதற்கும் இது ஒத்துவராது. இன்வெர்ட்டர் முறையில் சூட்டைச் சீராகக் குறைக்கும் மாடல்கள் இருக்கின்றன, விலை கூடும்.

இத்தனை சொன்ன பிறகும் இண்டக்‌ஷன் ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்கிறேன். தண்ணீர் கொதிக்க வைக்க, காபி டிகாக்‌ஷனுக்கு, இட்லி அவிக்க, பருப்புக் குக்கருக்கு அதைவிட வேகமானது இல்லை. இட்லிப் பானையை வைத்து டைமரைப் பன்னிரண்டு நிமிடத்துக்குத் திருப்பிவிட்டுக் குளிக்கப் போகலாம், தானே அணைந்துவிடும். மறதி வந்துவிட்ட அப்பாவோ அம்மாவோ தனியாக இருக்கும் வீட்டில் இந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம். கேஸ் அடுப்பில் பால் பொங்கித் தீ அணைந்தால், எரியாத வாயு கசிந்துகொண்டே இருக்கும். இங்கே அந்தப் பயம் இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் பெரிய விஷயம்: ஃபேன். கேஸ் எரியும்போது அடுப்படியில் ஃபேன் போட முடியாது, தீ அலையும், அணையும். சித்திரை வைகாசியில் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பர்னரும் எரியும் அந்தச் சின்ன அறையில், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் நிற்கிறவரை நினைத்துப் பாருங்கள். இண்டக்‌ஷனில் பாத்திரம் மட்டும்தான் சூடாகிறது. தலைக்கு மேல் ஃபேனைப் போட்டுக்கொண்டு சமைக்கலாம். கோடைக்கு மட்டுமாவது குக்கர் வேலைகளை இதற்கு மாற்றுங்கள். மாதம் ஐம்பது நூறு ரூபாய் கூடினாலும் அந்தக் காசு தகும்.

வாங்கும் முன் ஒயரிங்கைப் பாருங்கள். 2,000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியருக்குச் சற்றே குறைவாக இழுக்கும். மிக்ஸி மாட்டுகிற 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் சொருகக் கூடாது, எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் வேண்டும். பழைய வாடகை வீடுகளில் அடுப்படியில் அது பெரும்பாலும் இருக்காது. கரண்ட் போனால் வீட்டுச் சின்ன இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. புயல், மழை என்று நாள் கணக்கில் கரண்ட் போவதைக் கடலோர மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இண்டக்‌ஷன் மட்டுமே போதும் என்று நான் யாருக்கும் சொல்லாததற்கு இதுவும் காரணம்.

இன்ஃப்ராரெட் அடுப்பு என்று ஒன்றும் விற்கிறார்கள். எந்தப் பாத்திரத்தையும் ஏற்றுக்கொள்ளும், அடி தட்டையாக இருந்தால் போதும். ஆனால் கரண்டைக் கூடுதலாகக் குடிக்கும், அணைத்த பிறகும் வெகுநேரம் கொதிக்கும். குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம்.

கேஸ் அடுப்பில் எதைப் பார்ப்பது

முதலில் பர்னரைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமான பித்தளை பர்னர் வளையாது, துளை அரிக்காது, பல வருஷம் உழைக்கும். லேசான பர்னரில் ஓட்டைகள் சீக்கிரம் அகன்று, தீ நீலத்திலிருந்து மஞ்சளுக்குப் போகும், பாத்திர அடி கரியாகும். அடுப்பின் அடியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஸ்டார் லேபிள் ஒட்டியிருந்தால் ஒரு ஸ்டார் கூடுதலாக உள்ளதை எடுங்கள், சில வருஷத்தில் கேஸ் மிச்சமாகி அந்த விலை வித்தியாசம் திரும்பி வந்துவிடும்.

கண்ணாடியா, எவர்சில்வரா? கடையில் கண்ணாடி ஜொலிக்கும். ஒரு துணியால் ஒரு இழுப்பு, சுத்தம். இரண்டு பேர், மூன்று பேர் உள்ள வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் டஃபன்டு கண்ணாடி உடைகிற நாளில் விரிசல் விட்டு நிற்காது, மொத்தமாகத் தூள் தூளாகச் சிதறும். கொதிக்கிற கண்ணாடி மேல் ஈரத்துணி போடுவது, பர்னரைத் தாண்டி அகலும் பெரிய கல்லையும் அண்டாவையும் வைத்துத் தீயின் சூட்டைக் கீழே திருப்புவது, கனமான பாத்திரத்தைத் தொப்பென்று இறக்குவது எல்லாமே அதற்கு ஆகாது. பொங்கலுக்கும் திவசத்துக்கும் பெரிய பாத்திரம் ஏறி இறங்கும் கூட்டுக் குடும்பத்துக்கு எவர்சில்வர்தான். ஒடுங்கும், கீறல் விழும், ஆனால் சிதறாது. கண்ணாடியே வேண்டும் என்றால் வாரண்டியில் கண்ணாடியும் சேருமா என்று எழுத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பர்னர் எண்ணிக்கையில் பலர் நான்கைக் கேட்டு வாங்கிவிட்டு இரண்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். காரணம், இடைவெளி. ஒரு பக்கம் ஐந்து லிட்டர் குக்கர், மறுபக்கம் தோசைக்கல் ஏறிவிட்டால் நடுவில் இருப்பதில் டம்ளர் அளவுப் பாத்திரம்தான் நிற்கும். கடைக்கு ஓர் அளவு நாடாவைக் கொண்டுபோய், ஒரு பர்னரின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு எவ்வளவு என்று அளந்து பாருங்கள். உங்கள் தோசைக்கல்லில் பாதியும் குக்கரில் பாதியும் சேர்ந்த அகலத்தைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். மூன்று பர்னர் அகலமான மாடல், நெருக்கமான நான்கு பர்னரைவிட எப்போதும் மேல். ஆட்டோ இக்னிஷனுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், ஐம்பது அறுபது ரூபாய் லைட்டர் போதும்.

ஹாப் எப்போது சரி

மாடுலர் கிச்சன் போடுகிறவர்கள் கேட்காமலே ஹாப்பைச் சேர்த்துவிடுகிறார்கள். கிரானைட்டை வெட்டி அடுப்பை மேடைக்குள் இறக்குவது பார்க்க அழகுதான். அழகைத் தாண்டியும் இரண்டு நல்ல விஷயம் இருக்கிறது. ஒன்று, உயரம். மேடை மேல் வைக்கும் சாதாரண அடுப்பு நான்கைந்து அங்குலம் உயர்த்திவிடும். குட்டையானவர் பெரிய பாத்திரத்தில் சாம்பாரைக் கிளறக் கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டிவரும். ஹாப்பில் அந்தச் சிரமம் இல்லை. இரண்டு, தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு வால்வு. இது சாதாரண அடுப்புகளில் அரிது, பல ஹாப்களில் கிடைக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. கேட்டு வாங்குங்கள். இது இல்லாத ஹாப்புக்கு இருபதாயிரம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

சிக்கல் பிறகுதான் வரும். ஒவ்வொரு கம்பெனிக்கும் வெட்டும் அளவு வேறு. எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் ஹாப் பழுதானபோது அந்த மாடலே நின்றுபோயிருந்தது. புதியது அரை அங்குலம் பெரியது. கிரானைட்டை மறுபடி அறுக்க ஆள் வந்து, அடுப்படி முழுக்கத் தூசியாகி, மூன்று நாள் வெளிச் சாப்பாடு. வாடகை வீட்டில் ஹாப் வேண்டவே வேண்டாம். சொந்த வீடாக இருந்து, உங்கள் ஊரிலேயே சர்வீஸ் ஆள் இருந்தால் யோசிக்கலாம். மேடை மேலும் வைக்கலாம், பின்னால் வெட்டியும் இறக்கலாம் என்ற இரட்டை மாடல்கள் வருகின்றன. தயங்குகிறவர்கள் அதை எடுக்கலாம்.

குழாய் எரிவாயு, பயோகேஸ், சின்ன சிலிண்டர்

எண்ணூரில் 2019-இல் திரவ இயற்கை எரிவாயு முனையம் வந்த பிறகு, சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கோவை போன்ற நகரங்களிலும் குழாய் எரிவாயு மெல்ல மெல்ல வீடுகளுக்கு வருகிறது. உங்கள் தெருவுக்கு வந்துவிட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், சிலிண்டர் புக்கிங், டெலிவரி ஆள், மாடிப்படி எல்லாம் மிச்சம். புது அடுப்பு தேவையில்லை. இயற்கை எரிவாயுவின் வெப்பம் எல்பிஜியைவிட, அதே கன அளவுக்கு, பாதிக்கும் குறைவு. அதனால் அடுப்புக்குள் இருக்கும் ஜெட்டை மட்டும் பெரிய துளை உள்ளதாக மாற்றுவார்கள். அதை இணைப்பு கொடுக்கிறவர்களே செய்யட்டும், வீட்டில் கைவைக்காதீர்கள். இன்னொரு வித்தியாசம்: எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படியும், ஆகவே கதவைத் திறந்து கீழே காற்று ஓட விட வேண்டும். இயற்கை எரிவாயு லேசானது, மேலே போகும், விட்டத்தை ஒட்டி ஜன்னலோ வெண்டிலேட்டரோ திறந்திருக்க வேண்டும்.

நான்கைந்து மாடு உள்ள கிராமத்து வீடுகளில் பயோகேஸை ஏனோ மறந்துவிட்டோம். இரண்டு கன மீட்டர் கலனுக்கு நாளைக்கு ஐம்பது கிலோ சாணம் வேண்டும், ஒரு குடும்பத்தின் சமையல் ஓடிவிடும். கழிவுச் சாந்து தோட்டத்துக்கு. அடுப்பு மட்டும் பயோகேஸுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்.

வேலைக்காக வெளியூரில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் பெரிய இணைப்புக்கு அலைய வேண்டாம். 5 கிலோ சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டை காட்டியே வாங்கலாம், இண்டேன் அதை 'சோட்டு' என்று விற்கிறது. அதனுடன் ஒற்றை பர்னர் அடுப்பு, அல்லது இண்டக்‌ஷன் மட்டும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்குகிறாரென்றால், அந்தச் சின்ன சிலிண்டரின் விலையோடு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுப்பு வந்து இறங்கும் நாளில், ஏஜென்சி ஆள் ரப்பர் குழாயையும் பார்க்கட்டும். ஆரஞ்சு நிற சுரக்‌ஷா குழாய்க்கு ஆயுள் ஐந்து வருஷம், அதன் மேலேயே ஆண்டு அச்சிட்டிருக்கும். புது அடுப்புக்குப் பழைய குழாயை மாட்டாதீர்கள். நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது, அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும், சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். மாட்டி முடித்ததும் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், தீக்குச்சி வேண்டாம். குமிழ் வந்தால் ரெகுலேட்டரை அணைத்துவிட்டு 1906-ஐ அழையுங்கள், எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.